உணவு தராத விமானத்தில் என்ன சாப்பிடுவது?

கெட்டியான, உலர்ந்த உணவாக எடுத்துச் செல்லுங்கள். காய்கறியோ பாலாடைக்கட்டியோ வைத்த ரொட்டி, வறுத்த பருப்புகள், உலர்பழம், ஓர் ஆப்பிள்: ஆறு மணி நேரப் பயணத்துக்கு இது தாராளம்.

சென்ற முறை உங்கள் தயிரையும் வேர்க்கடலை வெண்ணெயையும் சோதனையில் எடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். உணவு என்பதால் இருக்காது. வழிவதும் தடவுவதும் பல விமான நிலையங்களில் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிலிட்டரைத் தாண்டிய டப்பா உள்ளே போகாது. பாதி காலியாக இருந்தாலும் டப்பாவின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். அதே வெண்ணெயை ரொட்டியில் தடவிக் கொண்டுபோனால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

கிளம்புமுன் வீட்டிலேயே ஒரு சோதனை: டப்பாவைச் சாய்த்துப் பாருங்கள். உள்ளிருப்பது வழிந்தாலோ கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தாலோ அதை வைத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீரை மறக்காதீர்கள், உணவைவிட அதுதான் முக்கியம். விமானக் காற்று மிகவும் வறண்டது. காலிப் பாட்டிலோடு சோதனையைக் கடந்து, உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். சோடா வேண்டாம். மேலே காற்றழுத்தம் குறைவதால் சிப்ஸ் பொட்டலம் பலூன்போல் உப்பி நிற்கும். வயிற்றிலுள்ள வாயுவும் அப்படித்தான் விரியும்.

ஒரே ஓர் எச்சரிக்கை: வேறு நாட்டில் இறங்குகிறீர்கள் என்றால் மிச்சமிருக்கும் பழத்தையும் இறைச்சியையும் விமானத்திலேயே தீர்த்துவிடுங்கள். அறிவிக்காமல் கொண்டுசென்றால் பல நாடுகளில் அபராதம் உண்டு.