சட்டம் கேளுங்கள்: அண்டை நாடுகளோடு இணைவதில் என்ன சிக்கல்?

சென்ற இதழில் இந்திய–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தத்தைப் பற்றி இப்பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மலையோரத்திலிருந்தும் கடலோரத்திலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை, அண்டை நாடுகள் சட்டத்தால் நெருங்கி வருவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்ற ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்பதால், இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

இரண்டு உலகப் போர்களில் மோதிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள் ஒரே சந்தையாகிவிட்டன. 1985 முதல் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் இருந்தும் நம்மால் ஏன் முடியவில்லை? அரசியல் பகைமை மட்டும்தான் காரணமா?
— கல்லூரி ஆசிரியை, தக்கலை

பகைமை பெரிய காரணம்தான். 2014-இல் காத்மாண்டுவில் கூடிய உச்சி மாநாட்டுக்குப் பிறகு, 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த மாநாடு நின்றுபோனது. ஆனால் பகைமை முழுவதும் தீர்ந்துவிட்டாலும், இன்றுள்ள சட்ட ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நாம் அதிக தூரம் போய்விட முடியாது என்பதே என் கருத்து.

சார்க் சாசனத்தின் 10-ஆவது பிரிவைப் பாருங்கள். எல்லா முடிவுகளும் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும் என்றும், இரு நாடுகளுக்கிடையிலான பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய விஷயங்களும் விவாதத்துக்கு வரக்கூடாது என்றும் அது சொல்கிறது. சிறிய நாடுகள் அச்சமின்றி உள்ளே வர இந்த ஏற்பாடு அன்று உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், எதைத் தீர்க்க வேண்டுமோ அதைப் பேசவே கூடாது என்ற நிலையும் அதனால்தான் உண்டாயிற்று.

இதைவிட முக்கியமான வேறுபாடு நீதிமன்றத்தில் இருக்கிறது. இத்தாலியில் மின்துறை அரசுடைமையாக்கப்பட்டதை எதிர்த்து, கோஸ்டா என்ற குடிமகன் ஒரு சிறிய மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்து மிலான் நகரின் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நீதிபதி ஐரோப்பிய நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். உறுப்பு நாடு பின்னாளில் இயற்றும் சட்டத்தைவிடவும் ஐரோப்பியச் சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) பொதுச் சட்டமே மேலானது என்று 1964-இல் அந்த நீதிமன்றம் விடையளித்தது. கோஸ்டாவுக்கு அவருடைய வழக்கில் என்ன கிடைத்தது என்பதைவிட, ஒரு சாதாரண மனிதர் தம் ஊர் நீதிமன்றத்தில் நின்றுகொண்டே பல நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையைச் சுட்டிக்காட்ட முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

2004-இல் கையெழுத்தாகி 2006-இல் நடைமுறைக்கு வந்த தெற்காசிய தடையற்ற வணிகப் பகுதி ஒப்பந்தமான சாஃப்டாவில் அப்படியொரு வாசல் கிடையாது. பிணக்கு எழுந்தால் ஒரு நாடு இன்னொரு நாட்டோடு பேசலாம். பிறகு வல்லுநர் குழுவுக்கும், அதன்பின் அமைச்சர்கள் குழுவுக்கும் போகலாம். வியாபாரியோ விவசாயியோ நேரடியாகப் போக இடமில்லை. உடன்படிக்கைக்கு உள்நாட்டில் கிடைக்கும் மதிப்பும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நேபாளத்தின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்பளிக்கப்பட்ட உடன்படிக்கையோடு முரண்படும் உள்நாட்டுச் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்படியில்லை. உடன்படிக்கையோடு உள்நாட்டுச் சட்டம் நேரடியாக மோதினால், நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்றினாலொழிய நீதிமன்றம் உள்நாட்டுச் சட்டத்தையே பின்பற்றும்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் சட்டங்களை ஒத்துப்போகச் செய்ய ஆண்டுக்கணக்கில் ஆவது ஏன்? அதிகாரிகளின் மெத்தனமா?
— வாசகர், மார்த்தாண்டம்

மெத்தனம் ஓரளவு இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு நம் கன்னியாகுமரி மாவட்டமே விடை சொல்லும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. எல்லை அன்றே மாறியது, சட்டம் மாறவில்லை. எந்தச் சட்டம் எந்த நிலப்பரப்பில் செல்லுபடியாகி வந்ததோ, அது மாற்றப்படும்வரை அங்கேயே தொடரும் என்று மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு சொன்னது. அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால், அக்டோபர் 31 அன்று எழுதிய பத்திரம் நவம்பர் 1 அன்று என்ன ஆகும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக நீட்டிக்கப்பட்டன. நில உரிமை முறையில் திருவிதாங்கூருக்கே உரிய ஸ்ரீபண்டாரவக நிலங்கள் (பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரியவை) போன்றவற்றை, விவசாயி நேரடியாக அரசிடமிருந்து நிலம் பெற்று வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றும் சட்டங்கள் 1964-இல்தான் வந்தன.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் பொருந்திய குடும்பங்களில், தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவே கிடைத்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதல் இப்பகுதிக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. அதனால் பழைய சட்டம் ஒழிந்ததா, தொடர்கிறதா என்பதில் நீதிமன்றங்களே மாறுபட்டன. ஒழிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் மேரி ராய் வழக்கில் 1986-இல் தீர்ப்பளிக்கும் வரை, 35 ஆண்டுகள், பல பெண்கள் தமக்கு எந்தச் சட்டம் என்று அறியாமலே பாகப் பத்திரங்களில் கையெழுத்திட்டார்கள். ஒரே நாட்டுக்குள், ஒரே அரசமைப்பின் கீழ், ஒரே உச்ச நீதிமன்றம் இருந்தும் இவ்வளவு காலம் பிடித்தது. தனித்தனி நாடாளுமன்றங்களும் தனித்தனி நீதிமன்றங்களும் உள்ள நாடுகளுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை இதிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வந்து இறங்குகிறது, அதனால்தான் எங்கள் நல்லமிளகுக்கு விலை இல்லை என்கிறார்கள். ஒப்பந்தம் இதை அனுமதிக்கிறதா? யாரிடம் முறையிடுவது?
— மிளகு விவசாயி, கீரிப்பாறை

ஒப்பந்தம் இதை அனுமதிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தங்களின் வரி வேறுபாடுதான் இதற்கு ஆசை காட்டுகிறது. வெளிநாட்டு மிளகுக்கு இந்தியாவின் பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். வியட்நாம் உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளுக்கு அது சற்றுக் குறைவு. சாஃப்டாவின் கீழ் இலங்கை மிளகுக்கு 8 சதவீதம். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் கீழோ, ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. வியட்நாமில் விளைந்த மிளகுக்கு இலங்கைப் பெயர் சூட்டிவிட்டால் எவ்வளவு மிச்சமாகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

இதைத் தடுக்க உள்ளவைதான் தோற்ற விதிகள். ஒரு பொருள் உண்மையில் எந்த நாட்டுடையது என்பதை அவையே முடிவு செய்கின்றன. விளைபொருள் என்றால் அந்த நாட்டு மண்ணிலேயே விளைந்து அறுவடையாகியிருக்க வேண்டும். வேறு நாட்டு மிளகை இறக்கி, புடைத்து, உலர்த்தி, புதிய சாக்கில் கட்டினால் அது இலங்கை மிளகாகிவிடாது. தொழிற்சாலைப் பொருளானால், இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி குறைந்தது 35 சதவீத மதிப்பு உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வாங்கிய மூலப்பொருளையும் சேர்த்து அந்த 35 சதவீதம் வந்தால், இலங்கையில் சேர்ந்த மதிப்பு 25 சதவீதம் போதும்.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. சிக்கல் சான்றிதழில் இருக்கிறது. தோற்றச் சான்றிதழை வழங்குவது ஏற்றுமதி செய்யும் நாட்டின் அமைப்பு. நம் சுங்க அதிகாரி அதில் சந்தேகம் கொண்டால், அந்த நாட்டையே கேட்டு எழுத வேண்டும். பதில் வரும் வரை சரக்கு காத்திருக்கும், அல்லது பிணை வாங்கிக்கொண்டு விடுவிக்கப்படும். ஒரு நாட்டின் அதிகாரி இன்னொரு நாட்டின் தோட்டத்துக்குள் தானாகப் போய்ச் சோதிக்க முடியாது. இந்த இடைவெளியை அடைக்க, 2020-இல் சுங்கச் சட்டத்தில் 28டிஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்தன. சான்றிதழை மட்டும் நீட்டி இறக்குமதியாளர் இனி ஒதுங்கிக்கொள்ள முடியாது. பொருள் எப்படி அந்த நாட்டின் தகுதியைப் பெற்றது என்ற விவரங்களைத் தாமே திரட்டி ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். என் பார்வையில் இது சரியான திருத்தம். நேர்மையான சிறு வியாபாரிக்கு இதனால் எழுத்து வேலை கூடுகிறது என்ற குறையிலும் நியாயம் இருக்கிறது.

இதற்கு முன்பே, 2017 டிசம்பரில், கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய அரசு விதித்தது. அதற்குக் கீழான விலையில் மிளகு இறக்குமதி செய்வதே பின்னர் தடை செய்யப்பட்டது. அது உங்களைப் போன்றோருக்கு ஓரளவு காப்பு. ஆனால் அண்டை நாட்டின் உண்மையான மிளகு விவசாயியையும் அதே தடை அடிக்கிறது. இலங்கையின் மாத்தளையில் கொடி வளர்ப்பவரும் உங்களைப் போல் ஒருவர்தான் என்பதால், ஏமாற்றுபவரைப் பிடிக்கும் சட்டத்தைத்தான் நான் விரும்புவேன்.

முறையீட்டைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தின் கீழ் நீங்களாக வழக்குத் தொடர முடியாது. விவசாயிகள் சங்கத்தின் வழியாக மத்திய வணிக அமைச்சகத்துக்கும் வாசனைப் பொருள் வாரியத்துக்கும் எழுதலாம். பொத்தாம் பொதுவாக எழுதாமல், எந்தத் துறைமுகம், எந்த மாதம், என்ன விலை என்று குறிப்பிடுங்கள். குறிப்பான தகவல் இருந்தால்தான் சுங்கத்துறை சரிபார்ப்பைத் தொடங்க முடியும்.

களியக்காவிளை தாண்டி கேரளத்துக்குள் லாரி போவதைப் போல, நாடு விட்டு நாடு லாரி போகும் காலம் வருமா?
— லாரி உரிமையாளர், களியக்காவிளை

அந்தச் சோதனைச் சாவடியில் வணிகவரிக்காக வரிசையில் நின்ற நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகே அது நின்றது. அதற்கு 101-ஆவது அரசமைப்புத் திருத்தமும் மாநிலங்களின் ஒப்புதலும் தேவைப்பட்டன. நாடுகளுக்கிடையே, சார்க் வாகன ஒப்பந்தம் 2014-இல் பாகிஸ்தான் இசையாததால் நின்றது. அடுத்த ஆண்டு ஜூனில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் திம்புவில் தனியே கையெழுத்திட்டன. பூட்டானின் நாடாளுமன்ற மேலவை 2016-இல் அதை நிராகரித்தது. பெரிய நாட்டு லாரிகள் நிறைந்துவிட்டால் தம் சாலைகளும் சுற்றுச்சூழலும் தாங்குமா என்ற அவர்களின் கவலையைக் குறை சொல்ல முடியாது. காப்பீடு எந்த நாட்டில் செல்லும், விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு எங்கே என்பவற்றையெல்லாம் எழுதி முடிக்காமல் வண்டி ஓடாது. நம் பகுதிக்கோ இடையில் கடல் இருப்பதால், இந்த ஒப்பந்தங்களால் இப்போதைக்கு நேரடிப் பயன் இல்லை.

ரப்பரும் மீனும் எங்கள் மாநிலத்துடையவை. ஒப்பந்தம் போடும்போது மாநில அரசைக் கேட்க வேண்டாமா?
— வாசகர், குலசேகரம்

கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தாலும், உடன்படிக்கை செய்வது மத்தியப் பட்டியலில் உள்ளது. அதை நிறைவேற்ற எந்தப் பொருளிலும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு 253-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. 2009-இல் ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தானபோது கேரள அரசு கடுமையாக எதிர்த்தும் அது நிற்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பர், வரிக் குறைப்பு பொருந்தாத விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். விளைவைச் சுமப்பவர்களைக் கேட்காமல் செய்வது சட்டப்படி சரியாக இருந்தாலும், முறையல்ல என்றே நினைக்கிறேன்.

என் கணவர் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர். காற்றிலும் நீரோட்டத்திலும் படகு எல்லை தாண்டினால் சிறைதான் என்கிறார்கள். நாடுகள் இணைந்தால் இது மாறுமா? இப்போது எங்களுக்கு என்ன பாதுகாப்பு?
— வாசகி, தூத்தூர்

அம்மா, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். முதலில் இன்றைய சட்டத்தைச் சொல்கிறேன்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக் கடல். 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். இவை இரண்டுக்கும் சட்டம் வேறு. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் ஏற்றுள்ளன. பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறிப் பிடிபட்டவர்களை, நியாயமான பிணை பெற்று விரைவில் விடுவிக்க வேண்டும் என்றும், தனி உடன்பாடு இல்லாத நிலையில் சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது என்றும் அதன் 73-ஆவது பிரிவு கூறுகிறது. ஆட்சிக் கடலுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. விடுவிக்க மறுத்தால் ஹாம்பர்க் நகரிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் படகின் நாடோ, அது அதிகாரம் அளித்தவரோதான் போக முடியும். நீங்களாகப் போக முடியாது.

இணைப்பு வந்தால் எல்லை மறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுதோறும் பிடிப்பளவு வகுத்துத்தான் கடலைப் பகிர்கிறார்கள். ஆனால் பகிர்வதற்கு முன்னுதாரணம் நம் கடலிலேயே இருந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பாங்க் மீன்வளத் திட்டு இந்தியாவுக்கு உரியது என்று 1976-இல் இந்தியாவும் இலங்கையும் ஏற்றபோது, இலங்கையின் ஆறு படகுகள் மட்டும், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல், மூன்றாண்டுகள் உரிமத்துடன் அங்கே மீன் பிடிக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். இவ்வளவு படகு, இவ்வளவு எடை, இவ்வளவு காலம் என்று எழுதிவைத்தால் மீனவருக்குத் தன் நிலை தெரியும். தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அத்தகைய உரிம முறை மீண்டும் வர வேண்டும், தவறுதலாக எல்லை கடந்தவரை வேண்டுமென்றே கடந்தவரிடமிருந்து பிரித்துப் பார்க்கும் பொது நடைமுறை வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இப்போது செய்ய வேண்டியது: படகின் பதிவுச் சான்றும், உடன் செல்லும் எல்லோருடைய மீனவர் அடையாள அட்டைகளும் படகில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருக்கட்டும். எஞ்சின் பழுதானாலோ காற்று இழுத்தாலோ உடனே வயர்லெஸ்ஸில் அருகிலுள்ள படகுகளுக்குச் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் கருவியின் பாதைப் பதிவை யாரும் அழிக்கக் கூடாது. பிடிபட்டதாகச் செய்தி வந்தால், எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் பிடிபட்டார்கள் என்பதையே முதலில் கேட்டறிந்து, மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். அது ஆட்சிக் கடலா, பொருளாதார மண்டலமா என்பதைப் பொறுத்தே 73-ஆவது பிரிவை நம் தூதரகம் எடுத்துவைக்க முடியும்.