கேளுங்கள், சொல்கிறேன்: கோஷே நோயும் சவ்வில் ஒட்டும் நொதியும்

எம்.எஸ்ஸி. மாணவி: மேடம், நொதி நீரில் இருக்கிறது, குளுக்கோசெரமைடு என்ற கொழுப்பு நீரில் கரையாது. இரண்டும் எப்படிச் சந்திக்கின்றன?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அந்தக் கொழுப்பு உடைபடாமல் செல்களில் தேங்குவதால் வரும் பரம்பரை நோய்தான் கோஷே. குளுக்கோசெரமைடின் இரண்டு கொழுப்பு வால்களும் சவ்வுக்குள் புதைந்திருக்கும். குளுக்கோஸ் மட்டும் வெளியே தலைநீட்டும். அறுக்க வேண்டிய பிணைப்பு சவ்வின் பரப்பை ஒட்டியே கிடப்பதால், குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதி சவ்வின் மேல் வந்து ஒட்டினால்தான் வேலை நடக்கும்.

இது நடக்கும் இடம் லைசோசோம், அதாவது செல்லின் செரிமானப் பை. அதற்குள் பி.எச். 5-ஐ ஒட்டிய அமிலச் சூழல். உள்ளே மிதக்கும் சவ்வுக் குமிழ்களில் பி.எம்.பி. என்ற எதிர்மின்னேற்றக் கொழுப்பு நிறைய உண்டு. நொதியும் அதன் துணைப் புரதமான சபோசின்-சியும் அந்த மின்னேற்றத்தால் அங்கே ஈர்க்கப்படும். சபோசின்-சி சுமார் 80 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். தானாக எதையும் அறுக்காது. கொழுப்பின் நெருக்கமான அடுக்கைக் குலைத்து, நொதிக்குப் பிணைப்பு எட்டும்படி செய்கிறது. இந்தத் துணை இல்லாமல் நொதியைப் பற்றி மட்டும் பாடம் நடத்துவது எனக்கு உடன்பாடில்லை.

பள்ளி ஆசிரியர்: அப்படியானால் லைசோசோமின் சொந்தச் சவ்வு ஏன் செரிப்பதில்லை?

அதன் உட்புறத்தில் சர்க்கரை மிகுந்த புரதங்களின் போர்வை இருக்கிறது.

ஒரு தாய்: மகனுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது. நொதிப் பரிசோதனை சரியாக வந்துவிட்டது. இனி கோஷே இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா அம்மா?

பெரும்பாலும் ஆமாம். மண்ணீரல் வீங்க வேறு காரணங்கள் பல உண்டு, அவற்றைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆனால் மிக அரிதாக, நொதி நன்றாக இருந்தும் சபோசின்-சி இல்லாமல் கோஷே போன்ற நோய் வரும். ஆய்வகத்தில் பித்த உப்பு சேர்த்துச் சோதிப்பது வழக்கம். சபோசின் செய்யும் வேலையை அந்த உப்பே செய்துவிடுவதால் குறை வெளியே தெரியாது. காரணம் பிடிபடாவிட்டால், சபோசின்-சியை உருவாக்கும் பி.எஸ்.ஏ.பி. மரபணுவையும் பார்க்கலாமா என்று மரபியல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மருந்தாளுநர்: நொதி ஊசி எல்லோருக்கும் உதவுமா?

1991-இல் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த நொதியோடு தொடங்கிய சிகிச்சை இது. மண்ணீரல், கல்லீரல், இரத்த அணுக்களுக்கு நல்ல பலன். மூளைக்குள் அது போவதில்லை. மூளையைத் தாக்கும் வகைகளில் இதுதான் பெரிய வருத்தம்.

மாணவி: டே-சாக்ஸ் நோயிலும் இதே கதைதானா?

கொஞ்சம் வேறு. அது ஜி.எம்.2 என்ற கொழுப்பு நரம்பு செல்களில் தேங்கும் நோய். அங்கே ஜி.எம்.2 துணைப் புரதம் அந்தக் கொழுப்பைச் சவ்விலிருந்து தூக்கி, ஹெக்ஸோசமினிடேஸ்-ஏ நொதியிடம் கொடுக்கிறது. அந்தப் புரதம் இல்லாவிட்டாலும், நொதி முழுதாக இருந்தும் அதே போன்ற நோய் வரும். அதற்கு ஏ.பி. வகை என்று பெயர்.