லூயிஸ் லஞ்ச்: கெட்சப் இல்லாத பர்கர் கடை பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ ஹேவன் நகரின் கிரவுன் தெருவில் இருக்கிறது லூயிஸ் லஞ்ச். சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். 1895 முதல் ஒரே குடும்பம் நடத்துகிறது. பர்கருக்கு கெட்சப், கடுகு சாஸ், மயோனைஸ் எதுவும் தரமாட்டார்கள். பன்னும் கிடையாது, டோஸ்ட் செய்த வெள்ளை ரொட்டிதான். பக்கத்து ஊர்க்காரன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். கேளுங்கள்.

சுபா: முதல்முறை போகிறேன். எப்படி ஆர்டர் செய்வது?

பயப்படாதீர்கள் சுபா, அங்கே தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. பர்கரோடு சீஸ், தக்காளி, வெங்காயம் சேர்க்கலாம், அவ்வளவுதான். மூன்றும் வேண்டுமென்றால் "சீஸ் வொர்க்ஸ்" என்றால் போதும். "சாலட்" என்றால் உருளைக்கிழங்கு சாலட். "பர்ச்" என்றால் பர்ச் பியர். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், சாராயம் இல்லை. பக்கத்து ஈஸ்ட் ஹேவனில் 1922 முதல் சோடா தயாரிக்கும் ஃபாக்ஸன் பார்க் கம்பெனியின் பானம். "ரெண்டு சீஸ் வொர்க்ஸ், ஒரு சாலட், ஒரு பர்ச்" என்று சொல்லிப் பாருங்கள், உள்ளூர்க்காரர் என்றே நினைப்பார்கள். பிரெஞ்சு ஃப்ரைஸ் கேட்காதீர்கள், பாக்கெட் சிப்ஸ்தான். இன்னொன்று, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கறி நடுவில் இளஞ்சிவப்பாகத்தான் வரும். நன்றாக வெந்தது வேண்டுமென்றால் ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

ராஜ்குமார்: கெட்சப் பாக்கெட்டைப் பையில் கொண்டு போகலாமா?

வேண்டாம் தம்பி.

இளங்கோ: வெறும் கறியும் ரொட்டியும்தானே. அப்படி என்ன தனிச் சுவை?

அடுப்புதான் காரணம் இளங்கோ. இதைக் கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன்.

மற்ற கடைகளில் கறியைச் சூடான தட்டையான கல்லில் போட்டுப் புரட்டுவார்கள். உருகும் கொழுப்பு அங்கேயே தேங்கும், கறி அதிலேயே பொரியும். லூயிஸ் லஞ்சில் இருப்பவை 1898-இல் செய்த வார்ப்பிரும்பு அடுப்புகள். அலமாரி மாதிரி உயரமாக நிற்கும், எரிவாயுவில் எரியும். கறியை வைக்க ஒரு கம்பிச் சட்டம் உண்டு. நம் வீட்டில் அப்பளம் சுடும் கம்பி வலை இரண்டைச் சேர்த்துக் கீல் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. கறியை அதற்குள் வைத்துப் பூட்டி, செங்குத்தாக அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேகும். கொழுப்பு கீழே சொட்டிப் போய்விடும். அதனால் இப்போது பிரபலமாக இருக்கும் ஸ்மாஷ் பர்கரின், அதாவது கறியைக் கல்லில் அழுத்திச் சுடும் பர்கரின், மொறுமொறு ஓரம் இதில் வராது. கறியின் வாசனை மட்டும் நேராக வரும். ஐந்து வகைத் துண்டுகளைக் கலந்து தினமும் புதிதாக அரைக்கிறார்கள். அதன் மேல் சர்க்கரையும் வினிகருமான கெட்சப்பை ஊற்றினால் எல்லாம் ஒன்றுதான், இந்த அடுப்பே தேவையில்லை.

ரொட்டி டோஸ்ட் செய்யும் கருவியும் 1929-ஐச் சேர்ந்தது.

மீனாட்சி: சைவத்துக்கு என்ன கிடைக்கும்? கோழி உண்டா?

பர்கர் என்றால் அங்கே மாட்டிறைச்சி மட்டும்தான் அம்மா. உருளைக்கிழங்கு சாலட் இருக்கிறது, முட்டை சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "பை" (pie) என்ற இனிப்புப் பண்டம் இருக்கும். அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பிரபா: என் பையனுக்கு கெட்சப் இல்லாமல் சோறே இறங்காது. குழந்தைக்கு மட்டும் தருவார்களா?

மாட்டார்கள். இது பர்கர் கிங் இல்லை, உங்கள் இஷ்டப்படி கிடைக்காது என்று கடையிலேயே எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

தமிழ்ச்செல்வன்: உலகின் முதல் ஹாம்பர்கர் இதுதான் என்கிறார்களே?

கடையின் கதை இது. 1900-இல் அவசரமாக வந்த ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஏதாவது கேட்டார், கடையைத் தொடங்கிய லூயிஸ் லாசன் கறியைச் சுட்டு இரண்டு டோஸ்ட்டுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார். நல்ல கதை. ஆனால் இதே பட்டத்துக்கு விஸ்கான்சினின் சீமோர் ஊரும் நிற்கிறது. அங்கே சார்லி நாக்ரீன் என்ற 15 வயதுப் பையன், சந்தையில் ஜனங்கள் நடந்துகொண்டே சாப்பிடட்டும் என்று கறி உருண்டையைத் தட்டையாக்கி ரொட்டிக்கு நடுவில் வைத்தானாம், 1885-இல். அதே 1885-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்பர்க் ஊர்ச் சந்தையில் செய்ததாக மென்செஸ் சகோதரர்கள் கட்சியும் உண்டு. டெக்சாஸின் ஏதன்ஸ் ஊர் ஃப்ளெட்சர் டேவிஸைக் காட்டுகிறது.

சேவியர்: டோஸ்ட்டில் வைத்தால் அது சாண்ட்விச் ஐயா. லூயிஸ் லஞ்சுக்குப் போட்டியில் நிற்கவே தகுதி இல்லை. சீமோர்தான்.

சேவியர், நாக்ரீன் வைத்ததும் ரொட்டித் துண்டுதான், பன் இல்லையே. பன் இல்லாதது பர்கர் இல்லை என்றால் உங்கள் ஆளும் வெளியே போக வேண்டும். அந்தக் கணக்குப்படி பட்டம் கான்சாஸின் விச்சிட்டாவுக்குப் போகும். வால்டர் ஆண்டர்சன் அங்கேதான் பர்கருக்கென்றே பன் பழக்கினார், 1921-இல் ஒயிட் காஸில் என்ற பர்கர் கடையை ஆரம்பித்து ஒன்றை 5 சென்ட்டுக்கு விற்றார். அதற்கு முன்னே வந்தவர்களில் பலர் கையில் இருந்த ரொட்டியில் வைத்தவர்கள்தான். லூயிஸ் லஞ்ச் அதை மாற்றாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

தமிழ்ச்செல்வன்: அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே லூயிஸ் லஞ்ச் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதே, பிறகென்ன?

தீர்ப்பெல்லாம் இல்லை. 2000-இல் அந்த நூலகம் ஊர் ஊராக உள்ள மரபுகளைத் தொகுத்தது. எதைச் சேர்ப்பது என்று பரிந்துரைத்தவர்கள் அந்தந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள். நியூ ஹேவன் உறுப்பினர் நியூ ஹேவன் கடையைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்?

சேவியர்: அப்படியானால் நான் சொன்னதுதானே சரி?

இல்லை. இரண்டு பக்கமும் அன்றைக்கே எழுதி வைத்த சான்று இல்லை, பிற்பாடு சொன்ன கதைகள்தான் இருக்கின்றன. அடுப்பு மட்டும் கண்ணெதிரே நிற்கிறது. நான் அதற்கு ஓட்டுப் போடுகிறேன், நீங்கள் சீமோருக்குப் போடுங்கள்.

ஹரிணி: நியூ ஹேவன் பீட்ஸாவும் பிரபலமாமே?

பிரபலம்தான். வூஸ்டர் தெருவில் 1925 முதல் ஃபிராங்க் பெப்பே இருக்கிறது. மற்றதை பீட்ஸா தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

அருண்: நியூ ஹேவனில் இருக்கும் யேல் பல்கலையில் அட்மிஷன் எப்படி...

நான் பர்கர் ஆள் தம்பி.

வித்யா: கெட்சப் வேண்டாம், கொஞ்சம் மிளகாய் சாஸ்?

மேலே படியுங்கள் வித்யா. தக்காளி, வெங்காயம், சீஸ்.

கோபால்: நியூயார்க்கிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா?

தாராளமாக. கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ நார்த் ரயில் ஏறினால் சுமார் 2 மணி நேரம். நியூ ஹேவன் யூனியன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். கிளம்பும் முன் கடை திறந்திருக்கிறதா என்று போன் செய்யுங்கள். ஆகஸ்ட் என்றால் கட்டாயம் கேளுங்கள், அந்த மாதம் மூடிவிட்டு விடுமுறைக்குப் போவது அவர்கள் வழக்கம். உள்ளே இடம் குறைவு, பெரிய கூட்டமாகப் போகாதீர்கள். இடம் கிடைத்தால் மரப் பலகைகளைப் பாருங்கள். வந்து போனவர்கள் கத்தியால் செதுக்கிய எழுத்து இல்லாத இடமே இருக்காது.