பதில்: கட்டியும் சுரப்பித் திசுவும் ஒரே இடத்தில் முகடு காட்டுவது ஏன்?

மார்பகத் திசுத் துண்டுகளில் எக்ஸ்-கதிரைச் செலுத்தி, அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று அளந்திருக்கிறீர்கள். உங்கள் கருவியில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மாலிப்டினம் இலக்கு உள்ள எக்ஸ்-கதிர்க் குழாயில் கொழுப்புக்கு 9 டிகிரியில் முகடு (சிதறல் உச்சமாகும் இடம்) தெளிவாக வருகிறது, ஆனால் கட்டித் துண்டும் நலமான சுரப்பித் திசுவும் 13 டிகிரி அருகே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்கிறீர்கள். அப்படித்தான் விழும். இரண்டிலும் தண்ணீர்தான் அதிகம், அந்த முகடும் பெரும்பாலும் தண்ணீருடையதே. கட்டி வளரும்போது கொழுப்பு குறைவதால் கொழுப்பு, தண்ணீர் என்ற இரு முகடுகளின் உயர விகிதத்தைப் பாருங்கள். சுரப்பி அடர்ந்த மார்பகத்தில் நலமான இடத்திலும் கொழுப்பு குறைவு என்பதால் அதுவும் ஏமாற்றும்.

சரி, அடுத்து என்ன? சிறுகோணச் சிதறலுக்குப் போங்கள், அதாவது நேர்க்கற்றையை ஒட்டி மிகச் சிறு கோணத்தில் சிதறுவதை அளந்து பாருங்கள். திசுவைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜனின் இழையில் சுமார் 65 நானோமீட்டருக்கு ஒருமுறை அதே அமைப்பு திரும்ப வரும், அதனால் உணரியில் வளையங்கள் விழும். புற்று ஊடுருவிய இடத்தில் அந்த ஒழுங்கு குலைவதால் வளையங்கள் மங்கும். தாமிரக் குழாயில் முதல் வளையம் 0.14 டிகிரியில்தான் விழும். உணரியை 2 மீட்டர் தள்ளி வைத்தாலும் மையத்திலிருந்து 5 மில்லிமீட்டர்கூட வராது. நேர்க்கற்றை உணரியில் படாமல் மறைக்கும் கற்றைத் தடுப்பு அதை விழுங்கிவிடலாம், 3ஆம், 5ஆம் வளையங்களைத் தேடுங்கள்.

அப்புறம், துண்டுகள் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) இருந்தவையா, உறைய வைத்தவையா? சொல்லவே இல்லையே. ஃபார்மலின் கொலாஜனைப் பிணைத்துவிடும், இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள்.