கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைக்குப் பின்னால் விட்ட கழிவுநீர் ஏன் கலையாமல் நிற்கிறது?

ஓத ஓட்டம் (கடல் ஏறி இறங்கும்போது உண்டாகும் நீரோட்டம்) நிலமுனையைத் தாண்டும்போது கரையை விட்டுப் பிரிகிறது. பின்புறம் சுழல் பிறக்கிறது. அதற்குள் நீர் வளையமாகவே ஓடுவதால், கரைந்திருக்கும் நைட்ரேட் போன்றவை விளிம்புக் கொந்தளிப்பு வழியாக மெதுவாகத்தான் வெளியே கசியும். கழிவுநீர் தேங்குவது இதனால்தான்.

நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும் கடலில் சுமார் 6 மணி 12 நிமிடத்துக்கொருமுறை ஓட்டம் திரும்பும். பெரிய கலப்பு நடப்பது அப்போதுதான்: சுழல் குலைந்து, அடைபட்ட நீர் தண்ணீரில் விட்ட மைபோல நீண்ட இழைகளாக இழுபடும். இழை மெலிய மெலியக் கொந்தளிப்பு அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். சில இழைகள் மட்டும் எதிர்ப்பக்கச் சுழலில் மறுபடி சிக்கும்.

ஆகவே ஒரே ஒரு நீர் மாதிரியை வைத்து முடிவெடுக்காதீர்கள், தவறான அளவுதான் கிடைக்கும். 12 மணி 25 நிமிட ஓதச் சுற்று முழுக்க, மணிக்கொருமுறை, சுழலின் நடுவிலும் வெளியிலும் எடுங்கள்.