பழைய மணிக்கூடு: பின்மூடியைத் திறந்து காட்டாதவரிடம் வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா சவூதியில் இருந்து கொண்டுவந்த சீக்கோ 5 மணிக்கூடு இடப்பெயர்வில் தொலைந்துபோனது. நீல முகப்பு, கிழமை அரபியிலும் வரும். அதே மாதிரி ஒன்று பேஸ்புக்கில் விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தில் புத்தம் புதிதுபோல மின்னுகிறது. முழுக் காசையும் முதலில் வங்கியில் போட்டால் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், விசுவமடு

பதில்: இப்போதைக்குக் காசைப் போடாதீர்கள். முதலில் அந்த மணிக்கூடு அவர் கையில் உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இணையத்தில் கிடக்கும் படத்தை எடுத்துப் போட்டு முற்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்கள் பலர். நேரத்தை 4 மணி 37 நிமிடத்துக்குத் திருப்பி, பக்கத்தில் இன்றைய திகதியை ஒரு தாளில் கையால் எழுதி வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மணிக்கூடு கையில் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. "வேறொருவர் வாங்க வருகிறார், உடனே காசைப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அவர் போட்ட படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடியும் பாருங்கள். வேறு நாட்டு விளம்பரம் ஒன்றில் அதே படம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து பின்மூடி. அதன் வெளிப்பக்கத்தில் 7009 அல்லது 6119 போன்ற நான்கு இலக்கமும், சிறு கோட்டுக்குப் பிறகு வேறு நான்கு இலக்கங்களும் (சிலவேளை இடையில் ஓர் எழுத்தும்) இருக்கும். முன்னது உள்ளே இருக்கவேண்டிய இயந்திரத்தின் இலக்கம், பின்னது வெளிக்கூட்டின் இலக்கம். தனியாக உள்ள தொடர் இலக்கத்தின் முதல் எண் தயாரித்த ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஒக்ரோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் முறையே O, N, D என்ற ஆங்கில எழுத்துகள். 8N என்று தொடங்கினால் நவம்பர் 1978 ஆகவும் இருக்கலாம், 1988 ஆகவும் இருக்கலாம். 7009 இரண்டு காலத்திலும் வந்ததால் இலக்கத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. 6119 அப்படியல்ல, அது 1960களின் இறுதியிலும் 70களிலும் வந்த இயந்திரம்.

பின்மூடியைக் கழற்றி உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே சுழலும் அரைவட்டத் தகட்டில் அல்லது அதன் அருகில் உள்ள இலக்கம் மூடியில் உள்ளதோடு ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பல மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று அர்த்தம். திருகாணிகளின் வெட்டுகள் கிழிந்திருந்தால் பழக்கமில்லாத கை பட்டிருக்கிறது. செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மூடியைத் திறக்க மறுப்பவரிடம் வாங்கவேண்டாம். திறக்கத் தெரியாது என்றால் பக்கத்தில் உள்ள மணிக்கூடு திருத்துபவரிடம் கொண்டுபோகலாம். அந்தச் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் வழவழவென்று பதில் வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

இனி அந்த மின்னும் நீல முகப்பு. நாற்பது வயதான முகப்பு நன்றாக இருக்கலாம், நேற்று அடித்த சாயம்போல இருக்காது. பழைய முகப்பைச் சுரண்டி மறுபடி சாயம் பூசி விற்பது பெரிய வியாபாரம். படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள்: எழுத்து தடித்தும் மெலிந்தும் இருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணி அடையாளங்களுக்கு நேரே நிற்கின்றனவா, திகதிச் சதுரத்தின் விளிம்பில் சாயம் திரண்டிருக்கிறதா? நிமிட முள் நிமிடக் கோட்டை எட்டாமல் நின்றால் அது வேறு மணிக்கூட்டின் முள்ளாக இருக்கலாம். கிழமையை அரபிக்கு மாற்றியும் ஒரு படம் கேளுங்கள். வளைகுடாச் சந்தைக்குப் போன சீக்கோக்களில் ஆங்கிலமும் அரபியும் சேர்ந்த கிழமைத் தட்டு இருக்கும். உங்கள் அப்பாவுடைய மணிக்கூட்டுக்கு அதுதான் நெருங்கிய அடையாளம்.

ஓட்டத்தைக் காணொளியில் பார்க்கலாம். 7009 வகைக்குச் சாவி கொடுக்க முடியாது. கை அசைவில்தான் முறுக்கேறும். நின்றுபோன மணிக்கூட்டை மெதுவாக நாலைந்து முறை ஆட்டியதும் செக்கன் முள் ஓடத் தொடங்கவேண்டும். "சேர்விஸ் செய்தது" என்றால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். முழுவதும் கழற்றிக் கழுவி எண்ணெய் இட்டதா, கழற்றாமலே பெற்றோலில் தோய்த்து எடுத்ததா? இரண்டாவது வகை சில மாதம் ஓடும். எண்ணெய் இல்லாத அச்சுகள் தேய்ந்து நின்றுவிடும். கைபேசியின் ஒலிவாங்கியால் துடிப்பை அளக்கும் செயலிகள் உண்டு. நாளுக்கு 30 செக்கனுக்குள் கூடுதல் குறைவு என்றால் இந்த வயதுக்கு நல்லது. உள்ளே முன்னும் பின்னும் ஆடும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சு 200 பாகைக்குக் கீழே விழுந்தால் கழுவும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

விற்பவர் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் ஒரு பேருந்துப் பயணம்தான். நேரில் போய், ஒரு திருத்துபவரின் மேசையில் வைத்துத் திறந்து பார்த்துக் காசு கொடுங்கள். தூரத்தில் இருந்தால், பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் கூரியர் முறையைக் கேளுங்கள். ஆனால் அதில் பெரும்பாலும் காசைக் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க விடுவார்கள் என்பதால் மேலே சொன்ன படங்கள் அப்போதும் தேவை. பிரிக்கும்போது வெட்டாத ஒரே காணொளியாகப் பதிவுசெய்யுங்கள். முகவரிச் சீட்டில் தொடங்கி மணிக்கூட்டின் இலக்கத்தில் முடியட்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்து ஈபே மூலம் வாங்குவது பாதுகாப்பா?
– வாசகி, மல்லாவி

பதில்: விதிகளுக்குள் நின்றால் முகநூல் விற்பனையைவிடப் பாதுகாப்பு. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் வந்தால், கையில் கிடைத்த 30 நாளுக்குள் முறையிடவேண்டும். ஆகவே வந்த கிழமையே திருத்துபவரிடம் காட்டுங்கள். அலுமாரியில் வைத்துவிட்டால் நாள் கடந்துவிடும். "வெளியே பேசுவோம், விலை குறைத்துத் தருகிறேன்" என்று வட்ஸ்அப்புக்கு அழைப்பவரோடு போகாதீர்கள். அந்தப் பாதுகாப்பு முழுவதும் அத்தோடு போய்விடும். பேபாலில் "நண்பர், குடும்பம்" என்ற வகையில் காசு அனுப்பச் சொன்னாலும் அதே கதைதான், அந்த வகைக்கு வாங்குவோர் பாதுகாப்பு இல்லை. தபாற்செலவையும் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இந்தியாவின் எச்எம்டி நிறுவனம் செய்த, விலை மலிவான பல ஜனதா, பைலட் மணிக்கூடுகள் மறுபூச்சு முகப்போடு வருகின்றன. அந்த நிறுவனம் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961 இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் உறுதியான 17 கல் (அச்சுகள் தேயாமல் தாங்கும் சிறு கற்கள்) இயந்திரம் நல்லதுதான். கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள், கிளிப்பச்சை முகப்புகளைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

கேள்வி: 1950களின் சுவிஸ் மணிக்கூடு. இருட்டில் பச்சையாக நன்றாக ஒளிர்கிறது. நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுக்கலாமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: அந்த ஒளியே சந்தேகத்துக்குரியது. அக்காலத்தில் பூசியது கதிர்வீச்சு உள்ள ரேடியம் கலந்த பசை. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டு எடுக்கும், ஆனால் அதோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளிலேயே கெட்டுவிடும். ஆகவே உண்மையான பழைய பூச்சு பழுப்பாக, ஒளியில்லாமல் இருக்கும். நன்றாக ஒளிர்ந்தால் பிறகு பூசியது. ஒளி போனாலும் கதிர்வீச்சு போவதில்லை. கண்ணாடி மூடியிருக்க அணிவது வேறு, திறந்து சுரண்டுவது வேறு. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. வீட்டில் திறக்காதீர்கள்.

கேள்வி: பின்மூடியில் "நீர் புகாது" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. வயலுக்குக் கட்டிப் போகலாமா?
– வாசகர், துணுக்காய்

பதில்: வேண்டாம். அது புதிதாக இருந்தபோது சொன்ன சொல். உள்ளே உள்ள இறப்பர் வளையம் இத்தனை ஆண்டில் இறுகி வெடித்திருக்கும். வாய்க்கால், கிணற்றடி, குளம் எல்லாவற்றுக்கும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வளையத்தை மாற்றினால் வியர்வைக்கும் மாரிக் காலத்து ஈரப்பதத்துக்கும் ஓரளவு தாங்கும். கண்ணாடிக்கு உள்ளே பனிபோலப் படிந்தால் வெயிலில் வைக்காமல் அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுத்துத் திறக்கவேண்டும். இரண்டு நாள் தாமதித்தாலே உருக்குப் பாகங்களில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.