நான்கு குரல், ஒரு கிடார்

வணக்கம் ஐயா,

யூடியூபில் ‘சக் வேகன் கேங்’ என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டுகள் சில கேட்டேன். கீழே கார்ட்டர் குடும்பம் என்று போட்டிருந்தது. மேபெல் கார்ட்டர் பாடிய அதே குழுவா இது? வரிகளெல்லாம் இயேசுவைப் பற்றி, இசையோ கௌபாய் படம் மாதிரி. இதைப் பக்திப் பாட்டு என்று சபைக்காரர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

மேபெலின் நாட்டுப்பாட்டுக் குடும்பமான அந்தக் கார்ட்டர்கள் வர்ஜீனியாக்காரர்கள், இவர்கள் டெக்சாஸ். வேறு குடும்பம். எனக்கும் வெகுநாள் இந்தக் குழப்பம் இருந்தது.

டி. பி. கார்ட்டர், எல்லோருக்கும் ‘டாட்’ கார்ட்டர், பிள்ளைகளோடு பருத்தி எடுக்கக் கூலிக்குப் போனவர். மகள் ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போய், மருந்துக்குக் காசில்லாமல்தான் லப்பக் நகர வானொலி நிலையத்தில் போய்ப் பாட வேலை கேட்டார் என்பார்கள். அது 1935. அடுத்த வருடம் ஃபோர்ட் வொர்த் நகரின் டபிள்யூ.பி.ஏ.பி. வானொலி. நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்தது ஒரு மாவு மில். பெயரும் அந்த மில்லோடு வந்ததுதான். மாடு ஓட்டிப் போகிறவர்களுக்குச் சமைத்துப் போடும் வண்டிக்குச் சக் வேகன் என்று பெயர்.

நீங்கள் கேட்பதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. ஆரம்பத்தில் அவர்கள் கௌபாய் பாட்டு, நாட்டுப்பாட்டு, நடுநடுவே ஒரு தேவபாட்டு என்று கலந்துதான் பாடினார்கள். நேயர்கள் தேவபாட்டையே திரும்பத் திரும்பக் கேட்க, மற்றதெல்லாம் மெல்ல உதிர்ந்துபோனது. குரலும் கிடாரும் அதேதான், பாட்டு மட்டும் மாறியது.

அப்புறம் அந்த இசை. உங்கள் ஊர் சர்ச் பாடகர் குழுவில் சோல்ஃபா பார்த்துப் பழகியிருப்பீர்கள். இவர்கள் ஊர் பாட்டுப் பள்ளிகளிலும் அதே டோ ரே மிதான், ஆனால் அச்சில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வடிவம்: டோ முக்கோணம், லா சதுரம். மகள் ரோஸ் சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்), இன்னொரு மகள் அன்னா ஆல்டோ (பெண்களின் கீழ் குரல்), அப்பா டெனர் (ஆண்களின் மேல் குரல்), மகன் ஜிம் பேஸ் (ஆண்களின் கீழ் குரல்). ஜிம் கையில் ஒரு கிடார், அதுவும் தாளத்துக்கு மட்டும். நாலு பேர் குரலும் தனித்தனியாகக் காதில் விழும். எந்தச் சொல்லும் விழுங்கப்படாது.

கொலம்பியா கம்பெனிக்கு 1936இல் தொடங்கிச் சுமார் 40 வருடங்களில் 400 பாட்டுக்குக் குறையாமல் பதிவு செய்தார்கள். பிற்காலத்தில் எலெக்ட்ரிக் கிடார் வந்தது. கெட்டுப்போயிற்று என்று சொல்லமாட்டேன், ஆனாலும் எனக்கு அந்த முதல் பதிவுகளே போதும். சரி, ஹெட்போன் போட்டுக்கொண்டு அன்னாவின் ஆல்டோவை மட்டும் பின்தொடர்ந்து ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.